கோமாரி ஊசி போட்டும் ஏன் வந்தது? கால்நடை வைரஸ் ஆராய்ச்சிக்காரரிடம் கேட்டவை

முப்பது வருஷத்துக்கு மேல் மாட்டு வைரஸ், ஆட்டு வைரஸ் என்றே ஓடிவிட்டது. இப்போது ஓய்வு பெற்று நீடாமங்கலம் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். நேரம் இருக்கிறது, கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: சார், கோமாரி ஊசி போட்டிருந்தேன். போன மாசியில் மூன்று மாட்டுக்கும் வாய்ப்புண், கால்புண். ஊசியே ஏமாற்றா?

உங்கள் கோபம் நியாயம் அண்ணே, ஆனால் ஏமாற்று இல்லை. கோமாரி வைரஸில் மொத்தம் ஏழு வகை, ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. அதனால்தான் நம் நாட்டில் ஓ, ஏ, ஆசியா 1 என்று மூன்றையும் சேர்த்து ஒரே ஊசியாகச் செய்கிறார்கள். வைரஸைச் செல்களில் வளர்த்து, மருந்து கலந்து கொன்று, எண்ணெயோடு குழைத்துத் தருவது அது. செத்த வைரஸ் என்பதால் அதன் காவல் ஆறு மாதம் தாங்கினால் பெரிது. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று வைத்திருப்பது இதற்காகத்தான். ஒரு சுற்று விட்டுப்போனால் மாடு காவலில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். ஊசி போட்ட அன்றே பலனும் வராது, இரண்டு மூன்று வாரம் ஆகும். பக்கத்துத் தெருவில் நுரை தள்ளுகிறது என்று கேள்விப்பட்ட பிறகு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுகிறோம் இல்லையா, அது அநேகமாகத் தாமதம்.

அப்புறம் ஐஸ் பெட்டி. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும், உறைந்தாலும் கெடும் என்பதுதான் தெரியாது. எனக்கே அப்போது உறைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேதாரண்யம் பக்கம் ஒரு முகாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு ஐஸ் பைகளுக்கு நடுவே பாட்டில்களைச் செருகி, ஜில்லென்று இருக்கிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டு போனேன். திறந்தால் எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கிறது, அதையும் குலுக்கிப் போட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலான மாடுகளில் எதிர்ப்பு சக்தியே இல்லை. நோய் வராதது அந்த ஊரின் நல்ல நேரம். நீங்கள் கடைசியாக எந்த மாதம் போட்டீர்கள், பெட்டி எப்படி வந்தது, இரண்டையும் எழுதுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: வெக்கை வந்தால் தொழுவமே காலி என்று பாட்டி சொல்வார். அந்த நோய் இப்போது இருக்கிறதா?

இல்லை. வெக்கை என்பது ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டு வைரஸ் நோய். பெரியம்மைக்கு அப்புறம் உலகத்திலிருந்தே துடைக்கப்பட்ட இரண்டாவது நோய் அது, 2011-ல் அறிவித்தார்கள். இந்தியாவில் 1995-க்குப் பிறகு இல்லை. கோமாரியை ஒழிக்க முடியாமல் இதை மட்டும் எப்படி என்று கேட்பீர்கள். வெக்கை வைரஸில் ஒரே வகைதான், ஒரு ஊசி ஆயுசுக்கும் தாங்கும், பிழைத்த மாடு வைரஸைச் சுமந்து திரியாது. கோமாரியில் இந்த மூன்றும் தலைகீழ். வால்டர் பிளவ்ரைட் என்பவர் கென்யாவில் உருவாக்கிய ஊசி இதில் பெரிய பங்கு, அதற்காக 1999-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு, 1920-களிலேயே இமயமலைப் பக்கம் முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆட்டில் வளர்த்து வீரியம் குறைத்த ஊசி வந்துவிட்டது. கடைசிக் கட்டம்தான் கஷ்டம். ஊசி போட்ட மாட்டின் ரத்தத்திலும் அதே எதிர்ப்பு சக்திதான் தெரியும், அதனால் ஊசி போடுவதை நிறுத்தினால்தான் நோய் உண்மையிலேயே போய்விட்டதா என்று ரத்தத்தில் பார்க்க முடியும், ஆனால் நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்?

ஒரு கீதாரி (ஊர் ஊராக ஆட்டுக் கிடை போடுபவர்) வீட்டுப் பையன்: கோடையில் டெல்டாவில் கிடை போட்டுவிட்டு ராமநாதபுரம் திரும்புவோம். மழை வந்ததும் ஆடுகள் முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, நொண்டுகின்றன.

தம்பி, கேட்டவரையில் நீலநாக்கு நோய் மாதிரி இருக்கிறது, மருத்துவர் பார்த்து உறுதி செய்யட்டும். கொசுவைவிடச் சின்னப் பூச்சி ஒன்று கடித்துப் பரப்புவது, வடகிழக்கு மழைக்குப் பின்னால் நம் பக்கம் ஏறும். ஐந்து வகை வைரஸ் சேர்த்த ஊசி இருக்கிறது, மழைக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். கூடவே ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்) நோய்க்கான ஊசியையும் விட்டுவிடாதீர்கள். வெக்கைக்குப் பங்காளி வைரஸ் அது, இந்தியாவில் முதலில் கண்டறிந்தது 1987-ல் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்த ஊர் வைரஸையே செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து ஊசியாக்கினார்கள், ஊசிக்குப் பெயரே அரசூர் 87. இது உயிருள்ள ஊசி, ஒன்று போட்டால் மூன்று வருஷம் கவலையில்லை.

பாபநாசம், பிளஸ் டூ மாணவி: இந்த வேலைக்கு எப்படி வருவது ஐயா?

முதலில் கால்நடை மருத்துவப் பட்டம், பயிற்சியோடு ஐந்தரை வருஷம். ஒரத்தநாட்டிலேயே கல்லூரி இருக்கிறது, சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. அப்புறம் நுண்ணுயிரியலில் முதுகலை, முனைவர். மொத்தம் பத்து வருஷம் போய்விடும், கூடப் படித்தவர்கள் அதற்குள் சொந்த கிளினிக் வைத்திருப்பார்கள், அதைப் பார்த்து வயிறெரியக் கூடாது. பாதி நாள் ஆய்வகத்தில், மீதி சேற்றில் நின்று மாட்டுக்கு ரத்தம் எடுப்பதில் போகும். சேறு பிடிக்காவிட்டால் யோசித்துக்கொள்ளம்மா.

வைரஸோடு வேலை செய்ய பயமில்லையா?

வெறிநாய்க்கடி வைரஸுக்கு மட்டும் பயம். அதைத் தொடுகிறவர்கள் முதலிலேயே ஊசி போட்டுக்கொள்வோம்.

மன்னார்குடியிலிருந்து: மாட்டுத் தோலில் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை நோய்க்கு வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்துக் கொடுத்தோம். சரிதானா?

கொடுங்கள், மாடு தெம்பாக இருக்க உதவும். ஆனால் வராமல் தடுப்பது ஊசிதான். 2019-ல் ஒடிசாவில் முதலில் தலைகாட்டியபோது இதற்கென்று நம்மிடம் ஊசி இல்லை, அதே குடும்பத்து ஆட்டம்மை ஊசியைப் போட்டு ஒப்பேற்றினோம். தனி ஊசியை வடக்கே ஹிசார், இசத்நகர் ஆராய்ச்சி நிலையங்களின் விஞ்ஞானிகள் 2022-ல் தயார் செய்தார்கள். ஈ, கொசு, உண்ணி மூன்றும் பரப்பும், கொட்டகையில் சாயங்காலம் புகைமூட்டம் போடுங்கள்.

வலங்கைமான், பத்து நாட்டுக்கோழி: வெள்ளைக்கழிச்சல் ஊசியைத் தண்ணீரில் கலந்து வைக்கலாமா?

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரம் ஊசி, அதுதான் நல்லது. தண்ணீரில்தான் தருவேன் என்றால் அதற்கென்று உள்ள மருந்தாகப் பார்த்து வாங்கி, கிணற்றுத் தண்ணீரில் கலக்குங்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கோழி குடிக்கும் முன்னாலேயே மருந்தைக் கொன்றுவிடும்.