மகன் கனடியக் கடற்படையில் சேரலாமா?

அன்புள்ள அக்கா,

ஸ்கார்பரோவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் கடற்படை அதிகாரியாகப் போகிறேன் என்று நிற்கிறான், இஞ்சினியரிங் கனவு என்னாவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கும். கிங்ஸ்டனில் உள்ள ராணுவக் கல்லூரியில் இஞ்சினியரிங் உண்டு. அதிகாரிப் பயிற்சித் திட்டத்தில் எடுபட்டால் கட்டணம் அரசுடையது, படிக்கும்போதே சம்பளமும் வரும். பிரெஞ்சும் படித்தாக வேண்டும், அதை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

காசு வாங்கிப் படித்தபின் சில ஆண்டுகள் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். எத்தனை ஆண்டுகள், இடையில் விலகினால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடலைவிட இந்தத் தாளுக்குத்தான் நான் பயப்படுவேன்.

ஆயுள் முழுக்கக் கப்பலில்தானா என்றால், இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஹைடா என்ற போர்க்கப்பலை நடத்திய கனடிய அதிகாரி ஹாரி டிவுல்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்ம வயதில் கடற்படைக் கல்லூரிக்குப் போனவர். 1944 ஏப்ரல் 29 அதிகாலை, பிரான்ஸ் கரையோரம் கூட வந்த அதபாஸ்கன் கப்பல் மூழ்கியது. விடிந்தால் எதிரி பார்த்துவிடுவான். ஆனாலும் தன் ஹைடா கப்பலை நிறுத்தி 42 பேரை ஏற்றிக்கொண்டார், பிறகு மற்றவர்களைத் தண்ணீரில் விட்டுப் புறப்பட்டார். அதிகாரியின் சம்பளம் இந்த மாதிரி முடிவுகளுக்குத்தான். அதே மனிதர் 1950களில் வாஷிங்டனிலும் ஒட்டாவாவிலும் அலுவலக மேசையில் இருந்தார். 1956 முதல் 1960 வரை கடற்படைத் தலைவர்.

ஹைடா இப்போது ஹாமில்டனில் அருங்காட்சியகம். ஒருநாள் மகனோடு போய், சாப்பாட்டு மேசைகளுக்கு மேலேயே மாலுமிகள் தூளி கட்டித் தூங்கிய இடத்தைப் பாருங்கள். இன்றைய கப்பல்களில் படுக்கை உண்டு, ஆனால் இட நெருக்கடி அவனுக்குப் புரியும்.

உங்களுக்கு உண்மையில் கஷ்டமாக இருக்கப்போவது தூரம். கடற்படையின் பெரிய தளங்கள் கிழக்குக் கரையில் ஹாலிஃபாக்ஸிலும் மேற்குக் கரையில் எஸ்கிமால்ட்டிலும். வெளிநாட்டுப் பயணம் என்றால் மாதக்கணக்கில் வீட்டுக்கு வர முடியாது. பொங்கலுக்கு வருவான் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மனம் ஒப்பவில்லையா? சரி, டொரொண்டோவிலேயே ‘யார்க்’ என்ற ரிசர்வ் பிரிவு இருக்கிறது. பல்கலைக்கழகம் போய்க்கொண்டே பகுதி நேரமாகச் சேரலாம். கோடையில் முழு நேரப் பயிற்சி. பிடித்தால் பிறகு முழு நேரத்துக்கு மாறக் கேட்கலாம். எந்த வழியானாலும் மருத்துவம், பின்னணி விசாரணை எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். மதிப்பெண் வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பியுங்கள்.