வண்டியும் தொங்கும் எடையும்: முடுக்கப் பரிசோதனை பற்றிய கேள்வி பதில்

பல்லடம், பிளஸ் ஒன் மாணவி: பலகை மேல 500 கிராம் வண்டியை வெச்சு, கப்பி வழியா போற நூலோட முனையில 10, 20, 30 கிராம்னு எடை தொங்கவிட்டு இழுத்தேன். விசை–முடுக்கம் வரைபடம் ஆதிப்புள்ளி வழியா போகலீங்ணா.

பதில்: கோடு விசை அச்சை எங்க வெட்டுதுன்னு பாரு கண்ணு. 0.03 நியூட்டன்னா, கிட்டத்தட்ட 3 கிராமோட இழுப்பை உராய்வே தின்னுடுது. பலகையோட கப்பி இல்லாத முனைக்கு அடியில அட்டையை ஒண்ணொண்ணா சொருகு. நூலைக் கழட்டிட்டு வண்டியை லேசா தட்டிவிடு. முதல் 40 செ.மீ.க்கும் அடுத்த 40 செ.மீ.க்கும் ஒரே நேரம் ஆனா சாய்வு சரி. வண்டி தானா கிளம்புற வரைக்கும் தூக்கிடாதே. நின்ன வண்டியைக் கிளப்ப, ஓடுற வண்டியோட உராய்வை விட அதிக விசை வேணும். அவ்வளவு சாய்ச்சா, தொங்குற எடை இல்லாமலே வண்டி முடுக்கம் காட்டும்.

மீதி எடைகளை மேசையில வெச்சிருந்தா அதுவும் தப்பு. ஐந்து 10 கிராம் எடையையும் வண்டியில ஏத்திட்டு, அங்கிருந்து ஒவ்வொண்ணா எடுத்துத் தொங்கவிடு. மொத்த நிறை எப்பவும் 550 கிராம். ஐந்தும் தொங்கினா 0.05 × 9.8 ÷ 0.55 = 0.89 மீ/வி².

கோபி, ஆசிரியை: ஸ்டாப்வாட்ச் போதுமுங்களா சார்?

பதில்: பத்தாதுங்க டீச்சர். அந்த 50 கிராமுக்கு 1 மீட்டர் ஓட 1.5 நொடிதான். கை 0.2 நொடி பிந்தி 1.7ன்னு பதிவானா, 2s/t² (s தூரம், t நேரம்) போட்டு 0.69தான் வரும். போன்ல ஸ்லோ மோஷன் நொடிக்கு 240 படம் இருந்தா ஒவ்வொரு படமும் 4 மில்லி நொடி, எண்ணிக்கலாம்.

ஈரோடு, மாணவன்: வண்டியில பாரம் ஏத்துனா சாய்வை மாத்தணுமா?

பதில்: வேண்டாம். உராய்வும் சாய்வோட இழுப்பும் நிறைக்குத் தக்கபடி சேர்ந்தே ஏறும். பலகை நடுவுல தொய்ஞ்சா மட்டும் முட்டுக்கொடு.

பொள்ளாச்சி: கப்பியும் நூலும் எதுங்க வாங்கறது?

பதில்: தறி ஸ்பேர்ஸ் கடையில சின்ன பேரிங் கிடைக்கும். கிரீஸ் இறுக்கமா இருந்தா மண்ணெண்ணெயில கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்க. டைலர் நூலே போதும். ஓவர்லாக் நூல் நீளும். வண்டியில இருந்து கப்பி வரைக்கும் நூல் பலகைக்கு இணையா போகணும்.

மறுபடியும் பல்லடம்: 20 கிராமை மாத்தாம பாரம் ஏத்துனேங்ணா. முடுக்கத்தை 1/வண்டி நிறைக்கு எதிரா போட்டா கோடு வளையுது.

பதில்: 1/மொத்த நிறை போடு, நேராகும். இல்லாட்டி 1/முடுக்கத்தை வண்டி நிறைக்கு எதிரா போட்டுக் கோட்டைப் பின்னாடி நீட்டிப் பாரு. நிறை அச்சை −20 கிராம்ல வெட்டும். அது நீ தொங்கவிட்ட எடையேதான்.