பூட் மெனுவில் விண்டோஸைக் காணோம்! – கணினி கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து, வரும் கடிதங்களில் பாதி லினக்ஸ் பற்றித்தான். அதிலும் பலருக்கு விண்டோஸை விட மனமில்லை, இரண்டும் ஒரே கணினியில் வேண்டும். எனவே இந்த முறை டூயல் பூட் கேள்விகள் மட்டும்.

கே: இணையத்தில் தன்னார்வலர்கள் எழுதிய மூன்று வழிகாட்டிகளைப் படித்தேன். முதலாவது செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்கிறது. இரண்டாவது, ரேமைப்போல் இரு மடங்கு ஸ்வாப் பார்ட்டிஷன் போடச் சொல்கிறது. மூன்றாவதில் இரண்டுமே இல்லை. எதை நம்புவது? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

ப: மூன்றுமே அதனதன் காலத்துக்குச் சரியாக இருந்திருக்கும். ரேம் போதாதபோது அதன் பாரத்தை டிஸ்க்கில் இறக்கிவைக்கும் இடம்தான் ஸ்வாப். ரேம் 256 எம்பி இருந்த நாளில் இரு மடங்கு ஸ்வாப் தேவைப்பட்டது. உபுண்டு 17.04 பதிப்பிலிருந்து தனிப் பார்ட்டிஷனே வேண்டாம், ஸ்வாப் கோப்பு தானாக உருவாகிவிடும். ஹைபர்னேட் வசதி வேண்டுமென்றால் மட்டும் ரேம் அளவுக்காவது ஸ்வாப் வையுங்கள். செக்யூர் பூட் என்பது கையொப்பமில்லாத பூட் நிரல்களைத் தடுக்கும் பாதுகாப்பு. அதை அணைக்கும் அறிவுரை விண்டோஸ் 8 வந்த 2012 காலத்தது. இன்று உபுண்டு, மிண்ட், ஃபெடோரா, டெபியன் எல்லாம் கையொப்பமிட்ட பூட்லோடருடன் (இயங்குதளத்தைக் கிளப்பும் சிறு நிரல்) வருகின்றன. அணைக்கத் தேவையில்லை. ஆர்ச் லினக்ஸின் நிறுவல் கோப்பு மட்டும் செக்யூர் பூட் இருந்தால் கிளம்பாது.

எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் முதலில் எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். கணினி கிளம்பும் முறை இரண்டு: புதியது யு.இ.எஃப்.ஐ., பழையது பயாஸ். அடுத்து அது யு.இ.எஃப்.ஐ. கணினிக்கா, பழைய பயாஸ் கணினிக்கா என்று பாருங்கள். உங்களுடையது எது என்று அறிய விண்டோஸ் தேடலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தட்டுங்கள். 'பயாஸ் மோட்' என்ற வரியில் யு.இ.எஃப்.ஐ. அல்லது லெகசி என்று இருக்கும். இந்த ஒரு வரி பொருந்தாத வழிகாட்டியை மேற்கொண்டு படிக்காதீர்கள்.

இன்னொன்று: ஒரு படியை ஏன் செய்ய வேண்டும் என்று சொல்லாத வழிகாட்டி, அதை எழுதியவரின் கணினிக்கு மட்டுமே உத்தரவாதம். காரணம் தெரிந்துகொள்ள ஆர்ச் விக்கியைப் படியுங்கள். நீங்கள் போடுவது மிண்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் கட்டளைகளை அங்கிருந்து எடுக்காதீர்கள், உங்கள் லினக்ஸுக்கான வழிகாட்டியிலிருந்து எடுங்கள். தமிழில் படிக்க 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் இருக்கிறது. அதிலும் கட்டுரையின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி, 512 ஜிபி எஸ்.எஸ்.டி. லினக்ஸ் மிண்ட்டையும் சேர்த்துப் போட வேண்டும். எந்த வரிசையில் செய்வது? (தட்டச்சுப் பயிலகம் நடத்துபவர், கும்பகோணம்)

ப: லினக்ஸ் நிறுவுவது இருபது நிமிட வேலை. அதற்கு முன் விண்டோஸுக்குள் செய்யும் வேலைகளில்தான் எல்லாம் இருக்கிறது. கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகு கை வையுங்கள்.

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷன். "நான் போட்டதே இல்லையே" என்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல புதிய மடிக்கணினிகளில், ஹோம் பதிப்பாக இருந்தாலும், டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் பாருங்கள். ஓடினால், மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் உங்கள் கணினியின் பெயருக்குக் கீழே 48 இலக்க மீட்புச் சாவி இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே மடிக்கணினியில் சேமித்து வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதை. கணினி கிளம்பும் விதத்தில் மாற்றம் தெரிந்தால் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் அதைத் தராது, நீலத் திரை அந்த 48 எண்களைக் கேட்கும். எண்கள் இல்லையென்றால் கோப்புகளும் இல்லை. என்கிரிப்ஷனை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குவது இன்னும் எளிது. டிஸ்க் முழுவதும் விடுபடும் வரை காத்திருங்கள். அது இருந்தால் சில நிறுவிகள் 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்ற வழியையே தராமல் போகலாம்.

இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ'. அங்கே மங்கலாகத் தெரியும் தேர்வுகளைத் திறக்க மேலே உள்ள இணைப்பைச் சொடுக்கி, 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுங்கள். எதற்கு என்று பின்னால் வரும் கேள்வியில் சொல்கிறேன்.

மூன்றாவது, இடம் ஒதுக்குவது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின் மேல் வலச்சொடுக்கி 'ஷ்ரிங்க் வால்யூம்'. அளவு எம்பியில் கேட்கும்: 100 ஜிபிக்கு 102400. மிண்டுக்கு 20 ஜிபி போதும் என்றாலும், 100 ஜிபி கொடுத்தால் பிறகு தலைவலி இல்லை. 200 ஜிபி காலியாக இருந்தும் 15 ஜிபிக்கு மேல் சுருங்க மறுக்கிறதா? ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் ஃபைல், ரெஸ்டோர் பாயிண்ட்கள் ஆகிய நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, சுருக்கிய பிறகு மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள். கிடைத்த இடத்தில் டிரைவ் எதுவும் உருவாக்க வேண்டாம், 'அன்அலொகேட்டட்' என்று கறுப்புப் பட்டையாகவே இருக்கட்டும்.

பிறகு பென் டிரைவ். 8 ஜிபி போதும், உள்ளே இருப்பதெல்லாம் அழியும். இறக்கிய மிண்ட் நிறுவல் கோப்பின் எஸ்.எச்.ஏ.256 எண்ணை (கோப்பு முழுதாக இறங்கியதா என்று காட்டும் எண்) மிண்ட் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். பாதியில் நிற்கும் நிறுவல்கள் பலவற்றுக்குக் காரணம் சரியாக இறங்காத கோப்புதான். அதைப் பென் டிரைவில் எழுத உதவும் ரூஃபஸ் மென்பொருளில் 'ஜிபிடி' தேர்ந்தெடுத்து எழுதுங்கள். கிளம்பும்போது பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யு.இ.எஃப்.ஐ. என்று முன்னால் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் மறுமுறையிலும் நிறுவப்பட்டால் ஒன்றின் மெனுவில் மற்றொன்று வராது.

நிறுவியில் 'இரேஸ் டிஸ்க்' என்பதைத் தொடவே கூடாது. 'சம்திங் எல்ஸ்' எடுத்து, காலியிடத்தில் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, மவுண்ட் பாயிண்ட்டாக வெறும் சாய்கோடு (/) கொடுங்கள். விண்டோஸ் போட்டு வைத்த இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன், பெரும்பாலும் 100 எம்பி, ஃபேட்32 வகை, பட்டியலில் தெரியும். லினக்ஸும் அதையே பயன்படுத்திக்கொள்ளும். அதற்கு ஃபார்மட் டிக் போட்டுவிட்டால் விண்டோஸின் பூட்லோடர் போய்விடும்.

கே: நிறுவியில் பென் டிரைவ் மட்டும் தெரிகிறது, எஸ்.எஸ்.டி.யே தெரியவில்லை. (கோவை வாசகி)

ப: இன்டெல் ஆர்.எஸ்.டி. அல்லது வி.எம்.டி. என்ற அமைப்பு எஸ்.எஸ்.டி.யை மறைத்து நிற்கிறது. பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை, யு.இ.எஃப்.ஐ. கணினியிலும் இதே பெயர்தான் வழக்கம்) அதை அணைத்து ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேரே போய் மாற்றினால் விண்டோஸ் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரையில் நின்றுவிடும். புது முறைக்கான டிரைவரை அது தொடக்கத்திலேயே ஏற்றுவதில்லை. சேஃப் மோடில் ஒருமுறை கிளம்பினால் ஏற்றிக்கொள்ளும். ஆகவே வரிசை இது: விண்டோஸில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து பூட் தாவலில் 'சேஃப் பூட்' டிக் போடுங்கள். ரீஸ்டார்ட் செய்து அப்படியே பயாஸுக்குள் போய் மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் வந்ததும் டிக்கை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட். பயாஸில் கை வைக்கிறோம் என்பதால் பிட்லாக்கர் சாவி பக்கத்தில் இருக்கட்டும்.

கே: லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் காலை 10 மணிக்கு 4.30 காட்டுகிறது. பேட்டரி போய்விட்டதா? (யாழ்ப்பாணம்)

ப: பேட்டரி நன்றாக இருக்கிறது. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம், கவனித்தீர்களா? மதர்போர்டிலுள்ள கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்கிறது. லினக்ஸ் டெர்மினலில், ஆங்கில எழுத்தில், 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும்.

இப்படிச் செய்யவே கூடாது என்று பல வழிகாட்டிகள் எச்சரிக்கும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் நாடுகளில் இரண்டு இயங்குதளமும் தனித்தனியாகத் தள்ளிவைத்துக் குழப்பும் என்பது முக்கியமான காரணம். இலங்கையிலும் இந்தியாவிலும் அந்த வழக்கம் இல்லை, அந்தக் கவலை நமக்கு வேண்டாம். லண்டனிலோ டொரண்டோவிலோ இருப்பவர்கள் மட்டும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற மதிப்பை 1 ஆக்கி, விண்டோஸைப் பொது நேரத்துக்கு மாற்றுவது நல்லது.

கே: லினக்ஸில் டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் முடிகிறது, சேமிக்க முடியவில்லை. (ஈரோடு)

ப: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை. அது இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி தூங்குகிறது. டிரைவ் இன்னும் தன் கையில் இருப்பதாகக் குறித்து வைத்துவிட்டே தூங்கும். அதைக் கண்டு லினக்ஸ் எழுத மறுக்கிறது, நல்லதுக்குத்தான். கட்டாயப்படுத்தி எழுதும் கட்டளைகளைச் சில இடங்களில் பார்ப்பீர்கள். கோப்பு கெட்டால் விண்டோஸ் விழித்ததும்தான் தெரியும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அவசரத்துக்கு ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுதாக அணையும்.

பொது டிரைவில் லினக்ஸிலிருந்து கோப்புப் பெயர் வைக்கும்போது முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் வேண்டாம். விண்டோஸ் அவற்றைத் திறக்காது.

கே: ப்ளூடூத் ஹெட்செட்டை ஒவ்வொரு முறையும் புதிதாக இணைக்க வேண்டியிருக்கிறதே? (சென்னை)

ப: ஹெட்செட்டுக்கு இரண்டு இயங்குதளமும் ஒரே முகவரி. புதிதாக இணைத்ததும் பழைய சாவியை அது மறந்துவிடும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் உள்ள சாவியை லினக்ஸுக்கு நகலெடுக்கும் வழி உண்டு. அதற்கு ஆகும் நேரத்தில் ஒரு வருடத்துக்கு இணைத்துக்கொள்ளலாம்.

கே: விண்டோஸ் அப்டேட் முடிந்ததும் லினக்ஸ் மெனுவே வரவில்லை. (சேலம்)

ப: நேரே விண்டோஸ் வந்துவிடுகிறதென்றால் எதுவும் அழியவில்லை. பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலிடத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பயாஸில் 'உபுண்டு' என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மிண்டும் அந்தப் பெயரில்தான் பதிவாகும்.

'எஸ்.பி.ஏ.டி. செல்ஃப்-செக் ஃபெயில்டு' என்று காட்டி அணைந்தால் விஷயம் வேறு. 2024 ஆகஸ்ட் 13-இல் வந்த விண்டோஸ் அப்டேட், ஓட்டையுள்ள பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது, ஆனால் தொட்டுவிட்டது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸில் 'சூடோ மோக்யுடில் --செட்-எஸ்பாட்-பாலிசி டெலீட்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். லினக்ஸ் ஒருமுறை கிளம்பி, அதன் அப்டேட்டுகளையும் போட்ட பிறகு செக்யூர் பூட்டை மீண்டும் போடுங்கள். 2025 மே மாத விண்டோஸ் அப்டேட்டில் இந்தச் சிக்கல் சரிசெய்யப்பட்டது.

கே: எனக்குத் தலைகீழ். லினக்ஸ் வருகிறது, மெனுவில் விண்டோஸைக் காணோம்! (மதுரை)

ப: லினக்ஸின் பூட் மெனுவைக் காட்டும் பூட்லோடர்தான் கிரப். 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் 'ஓஎஸ்-புரோபர்' பாதுகாப்புக்காக அணைத்தே வருகிறது. இடிசி ஃபோல்டருக்குள் டீஃபால்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பைத் திறங்கள். 'கிரப் டிஸேபிள் ஓஎஸ் புரோபர்' என்று பெரிய எழுத்துகளில், அடிக்கோடுகளால் இணைந்த வரி இருக்கும். முன்னால் உள்ள # குறியை எடுத்து, மதிப்பு 'ஃபால்ஸ்' என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். வரியே இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு 'சூடோ அப்டேட்-கிரப்'. இந்தக் கடைசிக் கட்டளை உபுண்டு, மிண்ட், டெபியனுக்கு மட்டும்.

கே: லினக்ஸ் வேண்டாம் என்று அந்தப் பார்ட்டிஷனை அழித்தேன். இப்போது கறுப்புத் திரையில் 'கிரப்' என்று மட்டும் நிற்கிறது. விண்டோஸ் போய்விட்டதா? (திருச்சி)

ப: போகவில்லை. கிரப்பின் தலை இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனில், உடம்பு லினக்ஸ் பார்ட்டிஷனில். நீங்கள் உடம்பை அழித்துவிட்டீர்கள், தலை தேடிக்கொண்டு நிற்கிறது. கணினி கிளம்பும்போது பூட் மெனு விசையைத் தட்டி (டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப்) விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். பயாஸிலும் அதை முதலிடத்தில் வையுங்கள்.

பழைய வழிகாட்டிகளில் 'பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று இருக்கும். அது பழைய பயாஸ் கணினிக்கு. யு.இ.எஃப்.ஐ.யில் கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

மிச்சத்தையும் துடைக்க வேண்டுமென்றால், அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'மவுண்ட்வால் எஸ்: /எஸ்' கொடுங்கள். இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் எஸ் டிரைவாக வரும். அதில் இ.எஃப்.ஐ. ஃபோல்டருக்குள் 'உபுண்டு' ஃபோல்டரை மட்டும் நீக்குங்கள். பக்கத்திலேயே 'மைக்ரோசாஃப்ட்', 'பூட்' இரண்டும் இருக்கும், அவற்றில் கை வைக்க வேண்டாம். கடைசியாக டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின் மேல் வலச்சொடுக்கி 'எக்ஸ்டெண்ட் வால்யூம்'. காலியிடம் சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியே இருந்தால்தான் அந்தத் தேர்வு வேலை செய்யும். இடையில் வேறு பார்ட்டிஷன் இருந்தால், அந்த இடத்தில் புது டிரைவ் ஒன்று உருவாக்கிப் படங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.