டைம் ஆபீஸ் பதில்கள்: ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தும் ஆள் நிற்கவில்லையே!

மாதவரத்தில் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் நடத்துகிறேன். 24 பேர் வேலை செய்கிறார்கள். சம்பளம் 15,000. ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பாக்ஸ், துணி எல்லாம் உண்டு. போன மாதம் வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டு மோட்டிவேஷன் கிளாஸ்கூட வைத்தேன். ஆனாலும் பையன்கள் மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. நிற்கிறவர்களும் நான் பார்த்தால்தான் வேலை செய்கிறார்கள். இந்தக் காலத்துப் பசங்களுக்கு சிரத்தையே கிடையாதா சார்?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், மாதவரம்

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். அதில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். 'பார்ட்டி பணம் வந்ததும் பத்து, பதினைந்து தேதிக்குள் சம்பளம் போட்டுவிடுவேன்' என்பது ஒன்று. 'தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருப்பார்கள், டிபனுக்கு 50 ரூபாய் கொடுத்துவிடுவேன்' என்பது இன்னொன்று. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதலில் ஓ.டி.யை, அதாவது அந்தக் கூடுதல் நேர வேலையைப் பார்ப்போம். 15,000 ரூபாயை 26 நாளுக்கும், நாளுக்கு எட்டு மணிக்கும் வகுத்தால் மணிக்கு 72 ரூபாய் சொச்சம். சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். அப்படியானால் மாதம் 52 மணி நேரத்துக்கு 7,500 ரூபாய் வருகிறது. நீங்கள் கொடுக்கும் டிபன் காசு மொத்தம் 1,300. மீதி 6,200 ரூபாயை ஒவ்வொரு பையனும் மாதாமாதம் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். (ஓ.டி. வேலை வாங்குவதற்கே ஒரு வரம்பு உண்டு என்பது தனிக் கதை.) அப்புறம் அந்த ஸ்வீட் பாக்ஸ் எவ்வளவு சார், 300 ரூபாய் இருக்குமா?

அவனுக்குக் கணக்கு தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். மணலிப் பக்கம் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் வருஷக்கணக்கில் மஸ்டர் ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். அங்கே ஒரு வெல்டர், சட்டைப் பையில் பாக்கெட் டைரி ஒன்று வைத்திருப்பார். ஒரு பக்கத்தில் தான் வேலை பார்த்த நேரம், எதிர்ப் பக்கத்தில் கம்பெனி கொடுத்த காசு, நடுவில் பென்சில் கோடு. அவர் யாரிடமும் சண்டை போட்டதில்லை. ஆனால் அந்த இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத மாதத்தில் அவர் ஜாயின்ட் நிதானமாகத்தான் முடியும். சூப்பர்வைசர் அதற்கு வைத்த பெயர் சோம்பல்.

சம்பளத் தேதிக்கு வருகிறேன். மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது 1936-லேயே சட்டத்தில் வந்தது. உங்களுக்குப் பார்ட்டி பணம் இழுக்கலாம்; அவனுடைய வீட்டு ஓனர் ஐந்தாம் தேதி கதவைத் தட்டுவார். பத்து நாளைக்குக் கைமாற்று வாங்குகிறவன் அதற்கு வட்டியும் கட்டுகிறான். உங்கள் பிசினஸுக்கு அவன் பைசா செலவில்லாத ஃபைனான்சியர்!

ஹென்றி ஃபோர்டு கதை தெரியுமா? 1913-இல் அவருடைய கார் கம்பெனியில் சுமார் 14,000 பேர் இருப்பதற்கு, வருஷத்தில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. எடுக்க எடுக்க ஓடினார்கள். 1914 ஜனவரியில் நாள் வருமானத்தை ஐந்து டாலராக்கி, வேலையை எட்டு மணியாகக் குறைத்தார். ஓட்டம் நின்றது. அந்த மனிதர் தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் அனுப்பி வேவு பார்த்தவர், சங்கத்தைக் கண்டால் ஆகாது. அப்படிப்பட்டவருக்கே புரிந்த கணக்குதான் இது. புது ஆள் கை பழகும்வரை மோல்டிங்கில் எத்தனை கிலோ ரிஜெக்ட் போகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் 'டேய்' என்று கத்துவார் போலிருக்கிறது. 'கொஞ்சம் வாய் நீளம், ஆனால் நல்லவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டு வாங்குகிறவன் அந்த இரண்டாம் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டான். அடுத்த கிளாஸை அவருக்கு வையுங்கள்.

எம்.சி. ரோடு துணிக்கடையில் சேல்ஸில் இருக்கிறேன் ஐயா. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நின்றபடியே வேலை. கஸ்டமர் இல்லாதபோதும் உட்காரக் கூடாதாம். கால் வீங்கிப்போகிறது.
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

உட்காரலாம் அம்மா. கேரளா 2018-இல் கொண்டுவந்ததை நம் மாநிலம் 2021-இல் கடைகள் சட்டத்தில் சேர்த்தது. பிரிவு 22ஏ. வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை போட்டிருக்க வேண்டும், சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். நேரமும் இடிக்கிறது. நாளுக்கு எட்டு மணிதான் கணக்கு, அதற்கு மேல் இரட்டைச் சம்பளம். தனியாகப் போய்க் கேட்டால் உங்களைத்தான் குறிவைப்பார்கள். நாலைந்து பேராகக் கையெழுத்துப் போட்டு, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீது பத்திரம்.

'கொடுக்கிற காசுக்கு இவ்வளவுதான்' என்று என் தம்பி கம்பெனியில் பாதி வேலைதான் பார்க்கிறான். சரியா?
- ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

அவன் கோபம் சரி. ஆனால் பாதி வேலை பார்த்துப் பழகினால் நாளைக்கு நல்ல இடம் கிடைக்கும்போது கையில் தொழில் இருக்காதே. தொழிலை முழுசாகக் கற்றுக்கொண்டு வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர் மில்லில் அந்தக் காலத்தில் சங்கம் ஆரம்பித்தது கூலிக்காகவா?
- ஒரு கல்லூரி மாணவர், வியாசர்பாடி

கூலிக்காக மட்டும் இல்லை தம்பி. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் கூட நின்றார். மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை, மேலதிகாரிகள் மரியாதையில்லாமல் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் கூலியோடு சேர்ந்த புகார்கள். சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வருகிறவனிடம் 'சின்சியாரிட்டி' கேட்டிருக்கிறார்கள், அப்போதே!

எண்ணூரில் காண்ட்ராக்ட் வேலை. சம்பளம் 15,000. ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், கார்டு தரவில்லை.
- ஒரு வாசகர், எர்ணாவூர்

ஈ.எஸ்.ஐ. என்பது தொழிலாளிக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அதற்கு உங்களிடம் பிடிக்க வேண்டியது 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 488 ரூபாய். இரண்டும் கட்டியிருந்தால் உங்களுக்கு ஒரு இன்சூரன்ஸ் எண் இருக்கும். கார்டு அப்புறம் வரட்டும், முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். காண்ட்ராக்டர் மழுப்பினால் அவரை வேலைக்கு வைத்த கம்பெனியின் எச்.ஆரிடம் எழுதிக் கேளுங்கள். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு அவர்கள் தலையில்தான் விழும். இதை இப்போதே முடித்துவிடுங்கள், உடம்புக்கு வந்து அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது அலைய முடியாது. பிடித்தம் போட்ட சம்பளச் சீட்டை மாதாமாதம் செல்போனில் படம் எடுத்து வீட்டுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.