பெயர் பதிவு செய்தாயிற்று, முறை வரும்வரை என்ன செய்வது?

என் மகனுக்கு இரண்டரை வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. ஆட்டிசம் மதிப்பீட்டுக்குப் பெயர் பதிந்தோம். பத்து மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டியதுதானா?

வேண்டாம். மதிப்பீட்டுக்கான வரிசை வேறு, உதவிக்கான வரிசை வேறு. முதல் வரிசை நகரட்டும் என்று இரண்டாவதில் நிற்காமல் இருப்பதில்தான் பல குடும்பங்களுக்கு ஒரு வருடம் போய்விடுகிறது.

இந்த மாதமே செய்ய வேண்டியது காது பரிசோதனை. நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் குழந்தை பெயருக்குத் திரும்பாமல் இருக்கலாம். காதில் சிறு ஒலியை அனுப்பி உட்காதின் எதிரொலியைப் பார்க்கும் ஓ.ஏ.ஈ. பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் தேறாவிட்டால் செவிப்பறையின் அசைவை அளப்பார்கள். தேவைப்பட்டால், ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்க, தூங்கும்போது தலையில் மின்முனை ஒட்டிச் செய்யும் பெரா சோதனையும் உண்டு. இந்த அறிக்கை கையில் இல்லாமல் மதிப்பீட்டுக்குப் போனால், “முதலில் காதைப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிடலாம். காத்திருந்த மாதங்கள் வீணாகும்.

அடுத்தது ஸ்பீச் தெரபி. அதைத் தொடங்கப் பெரும்பாலும் ஆட்டிசம் என்ற சொல்லே தேவையில்லை. “பேச்சு வளர்ச்சியில் தாமதம்” என்று குழந்தை மருத்துவர் எழுதித் தந்தால் போதும். உடை, ஒலி, தொடுதல் தொல்லையாக இருந்தால், அன்றாடச் செயல்களுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் தனிக் கடிதம் கேளுங்கள்.

வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று நான்கு தடவை தரையில் உட்காருங்கள். உங்கள் முகம் அவன் கண் மட்டத்தில் இருக்கட்டும். அவன் சக்கரத்தைச் சுற்றினால் நீங்களும் இன்னொரு சக்கரத்தைச் சுற்றுங்கள். பிடுங்கி வேறு விளையாட்டுக்கு இழுக்காதீர்கள். ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே வந்து நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் பார்த்தாலும், கையை அசைத்தாலும், ஒரு ஒலி எழுப்பினாலும் அதுதான் கேட்பது. உடனே “ஆட்டு” என்று சொல்லி ஆட்டுங்கள். பெற்றோர் தவறுவது அந்தப் பத்து எண்ணிக்கையில்தான். மூன்று எண்ணுவதற்குள் நாமே பேசிவிடுகிறோம்.

இரண்டு வயது மகளுக்கு எம்-சாட் கேள்வித்தாளில் 6 மதிப்பெண். அப்படியானால் ஆட்டிசம் உறுதியா?

இல்லை. அது சல்லடை, தீர்ப்பு அல்ல. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிச வாய்ப்பு உண்டா என்று பார்க்க, பெற்றோர் பதில் சொல்லும் 20 கேள்விகள் அதில் உள்ளன. 0–2 வந்தால் வாய்ப்பு குறைவு. 3–7 வந்தால், தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து விளக்கமாகக் கேட்கும் இரண்டாம் கட்டம் உண்டு. அதிலும் இரண்டோ அதற்கு மேலோ நின்றால்தான் முழு மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே மதிப்பீடு. உங்கள் மகளுக்கு அந்த இரண்டாம் கட்டம் நடந்ததா என்று கேளுங்கள். பலர் அதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

கூட்டிப் பார்க்கும்போது கவனம் தேவை. 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளுக்கு மட்டும் “ஆம்” என்பதே கவலைக்குரிய பதில். மற்றவற்றுக்கு “இல்லை”. ஒன்றிரண்டு தடவை செய்ததைப் பார்த்திருந்து, வழக்கமாகச் செய்யாவிட்டால் “இல்லை” என்றே குறிக்க வேண்டும். பாசத்தில் “ஆம்” போட்டுவிடுவதால்தான் சில குழந்தைகள் சல்லடையில் தப்பிவிடுகிறார்கள். மதிப்பெண் குறைவாக வந்தும் உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால், அதைச் சொல்லி அனுப்பும்படி கேட்கலாம்.

பட்டியலில் முன்னால் போக வழி உண்டா?

உண்டு. முதலில் நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்களா என்று உறுதி செய்யுங்கள். கடிதம் போய்ச் சேராமல், கையெழுத்து விடுபட்டு, பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு எடுக்காமல் போனதால் பெயரே நீக்கப்பட்டது என்பதெல்லாம் அடிக்கடி நடப்பவை. பதிந்த இரண்டு வாரத்தில் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: என் கோப்பு முழுமையா, எந்தத் தேதியிலிருந்து வரிசை கணக்கு, கடைசி நேரத்தில் யாராவது வராவிட்டால் கூப்பிடும் பட்டியல் இருக்கிறதா. இருந்தால், “எந்த நாளும், ஒரு நாள் முன்னறிவிப்பு போதும்” என்று எழுதிக் கொடுங்கள். பிறகு மாதம் ஒரு முறை கூப்பிடுங்கள். தேதி, பேசியவர், சொன்ன பதில் மூன்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பதிவதில் தவறில்லை. ஓரிடத்தில் முடிந்ததும் மற்றவற்றை ரத்து செய்துவிடுங்கள். அந்த இடம் இன்னொரு குழந்தைக்குப் போகும்.

வந்த சொற்கள் மறைவது, கண் நிலைகுத்தி நிற்பது, வலிப்பு, தன்னைத்தானே அடித்துக்கொள்வது ஆகியவை இருந்தால் வரிசையை நம்பி இருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போங்கள். கடிதத்தில் அதை முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டு நாளுக்கு என்னென்ன தயார் செய்வது?

வீடியோ. இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. ஏடாஸ் போன்ற விளையாட்டு வழிச் சோதனை 40 முதல் 60 நிமிடம்தான் நடக்கும். புது அறையில் குழந்தை மிரளலாம், தூங்கலாம். ஒன்று இரண்டு நிமிடத் துண்டுகளாக ஐந்தாறு எடுங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, பிற குழந்தைகள் நடுவில், சாப்பிடும்போது, கைகளை அசைக்கும்போது, நினைத்தது நடக்காதபோது. “இதைச் செய், அதைக் காட்டு” என்று பின்னாலிருந்து சொல்லாதீர்கள். நன்றாகச் செய்வதையும் எடுங்கள். அறிக்கையில் அவன் திறமையும் வர வேண்டும்.

முதல் சொல், முதல் நடை எப்போது என்று பெற்றோரிடம் விரிவாகக் கேட்பார்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஞாபகம் இல்லையென்றால், கைப்பேசியில் உள்ள பழைய படங்களின் தேதியைப் பாருங்கள். குழந்தை தூங்கும் நேரத்தில் முறை தந்தால் மாற்றிக் கேட்கலாம்.

படஅட்டை பழக்கினால் பேச்சு வராமல் போகும் என்கிறார்கள் உறவினர்கள்.

போகாது. படத்தைக் கொடுத்துக் கேட்கக் கற்ற குழந்தைக்குக் கேட்டால் கிடைக்கும் என்பது புரிகிறது, அழுகையும் குறைகிறது. நிபுணர் வரும்வரை இரண்டு படத்தோடு தொடங்குங்கள். அவனுக்கு மிகப் பிடித்த ஒன்று, பிடிக்காத ஒன்று.

உடலிலிருந்து உலோகத்தை நீக்கினால் குணமாகும் என்று ஒருவர் சொல்கிறார். காத்திருக்கும் நேரத்தில் செய்து பார்க்கலாமா?

கூடாது. கீலேஷன் என்ற அந்தச் சிகிச்சை ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கி உயிர் போனதும் உண்டு. அந்தப் பணத்தை ஸ்பீச் தெரபிஸ்டிடம் மாதம் ஒரு முறை நீங்களே போய்க் கற்றுவரச் செலவிடுங்கள். போகும்போது அந்த மாதத்து வீடியோ ஒன்றையும், வீட்டில் எது சரிவரவில்லை என்று எழுதிய தாளையும் கொண்டுபோங்கள்.