ஃபெரட் கடித்த விரல்கள்

அன்புள்ள ஐயா,

யார்க்‌ஷர் நாட்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஃபெரட் என்ற வளர்ப்புப் பிராணிக்கான காப்பகம் ஒன்றுக்கு உதவிக்குப் போனதாக ஒரு வரி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். என் மகள் இங்கிலாந்தில், லீட்ஸில் முதுகலை படிக்கிறாள். அவளும் சனி, ஞாயிறுகளில் அப்படி ஓர் இடத்துக்குப் போகிறாள். சம்பளம் கிடையாது. வீடியோ காலில் பார்த்தால் விரலெல்லாம் பிளாஸ்திரி. கேட்டால் "பாவம்மா, அது பயந்து கடிச்சிருச்சு" என்கிறாள். பார்க்கக் கீரி மாதிரி இருக்கிறது. வெறிநோய் வருமா? கடிக்கிற பிராணியைக் காட்டில் விட்டால் என்ன? பெண் ஃபெரட்டுகள் குட்டி போடாமலிருக்க ஊசி போடுகிறார்களாம், அது பாவமில்லையா? இப்போது பழைய பருத்திச் சேலைகளை அனுப்பச் சொல்கிறாள். படிப்பு முடிந்ததும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்துவிடுவாளோ என்ற கவலை வேறு.

க., மதுரை

அன்புள்ள க.,

வெறிநோய் பயத்தை முதலில் விடுங்கள். பிரிட்டனில் நாய், நரி முதலான தரைவாழ் விலங்குகளிடமிருந்து அதை 1922-லேயே ஒழித்துவிட்டார்கள். கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவினாளா, டெட்டனஸ் ஊசி நிலுவையில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். காயம் சிவந்து வீங்கினால் டாக்டரிடம் போகட்டும். சொல்லப்போனால் அவளால் ஃபெரட்டுக்கு நோய் வராமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. நமக்கு வரும் ஃப்ளூ ஃபெரட்டுக்கும் வரும். மனிதர்களின் இன்ஃப்ளூயன்ஸா வைரஸை 1933-ல் லண்டனில் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே ஃபெரட்டுகளை வைத்துத்தான். நான் போன காப்பகத்தில் மூக்கு ஒழுகினால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கீரிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது, இது நீர்நாயின் குடும்பம். ஐரோப்பியக் காட்டு விலங்கான போல்கேட்டைப் பிடித்து, முயல் வேட்டைக்காக இரண்டாயிரம் வருஷம்போல வளர்த்ததில் உருவானது. முயல் வளைக்குள் இதை விட்டால் முயல் மறுபக்கம் வெளியே ஓடிவரும், அங்கே வலை இருக்கும். வட இங்கிலாந்தில் இன்றும் இப்படி வேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. நன்றாக வைத்துக்கொள்பவர்களே அதிகம். காப்பகத்துக்கு வருவது மற்றவர்கள் வளர்த்தது. குழந்தைக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்து, நாற்றம் பொறுக்காமல் தோட்டத்து மூலையில் கூண்டோடு மறந்துபோனது.

அப்படி வரும் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் கடிப்பது ஏன் என்று புரிந்துவிடும். நகம் வளர்ந்து சுருண்டிருக்கும். காதுக்குள் பூச்சி அரித்து, காப்பித்தூள் மாதிரி கருப்பாக அடைந்திருக்கும். கண்பார்வை இயல்பிலேயே மந்தம், எல்லாம் மோப்பம்தான். தன்னை இழுத்துப் போடுவதற்கு மட்டுமே வரும் ஒன்றாகத்தான் அது மனிதக் கையை அறிந்திருக்கும். எனவே முந்திக்கொள்கிறது. கடித்த ஃபெரட் சட்டென்று விடாது, அதுதான் சங்கடம். கையை உதறினால் தோல் கிழியும். பதறிக் கீழே போட்டால், கடித்தால் விட்டுவிடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் மகளின் விரலில் கிழிசல் இல்லாமல் புள்ளிப் புள்ளியாகத் தழும்பு இருந்தால் வேலையை ஒழுங்காகக் கற்றிருக்கிறாள் என்று அர்த்தம்.

பழக்குவது பெரும்பாலும் வாய் வழியாகத்தான். தடித்த கையுறை உதவாது, பழைய பயத்தை அது அப்படியே வைத்திருக்கும். நீண்ட கரண்டியில் சால்மன் எண்ணெய் நீட்டுவார்கள். நக்கத் தொடங்கினால் அடுத்து மடக்கிய முஷ்டியின் புறங்கையில் ஒரு சொட்டு. விரலை நீட்டவே கூடாது, நீட்டியது எல்லாம் அதற்குத் தீனி. நகம் வெட்ட ஓர் அருமையான தந்திரம் உண்டு: மடியில் மல்லாத்திப் போட்டு வயிற்றில் எண்ணெயைச் சொட்டுவார்கள். அது குனிந்து தன் வயிற்றையே மும்முரமாக நக்கிக்கொண்டிருக்க, இவர்கள் நான்கு காலையும் முடித்துவிடுவார்கள்.

சாப்பாடு இதைவிடப் பொறுமையைச் சோதிக்கும். ஃபெரட் முழு மாமிச உண்ணி. குடல் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அடிக்கடி பசிக்கும். பாலில் நனைத்த ரொட்டி கொடுத்து வளர்க்கும் பழைய வழக்கம் ஒன்று அங்கே உண்டு, அதில் வளர்ந்தது வயிற்றுப்போக்கும் எலும்புமாக வந்து சேரும். சரி, கோழிக்கறி வைத்தால் பாய்ந்து தின்னும் என்றுதானே நினைப்போம்? முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறந்த முதல் சில மாதங்களில் எந்த வாசனை பழகியதோ அதுதான் அதற்கு உணவு. கறியைக் கூழாக அரைத்து உதட்டில் தடவி, அது எரிச்சலோடு நக்கிக்கொள்ளக் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்க வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை.

ஊசி பாவமல்ல, போடாமலிருந்தால்தான் பாவம். பெண் ஃபெரட் பருவத்துக்கு வந்தால் இணைசேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளியாகும். சேராவிட்டால் வாரக்கணக்கில் பருவத்திலேயே நின்றுவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்தசோகையில் கொன்றுவிடும். ஒவ்வொரு தடவையும் குட்டி போடவிட்டால் ஆறு, எட்டு என்று சேரும் குட்டிகளை யார் வளர்ப்பது? காப்பகம் செய்வதில் ஆக உருப்படியான காரியம் இந்த ஊசிதான் என்பேன். படமெடுத்துப் போடக் கொஞ்சும் காட்சிகள் எல்லாம் அதற்கு அப்புறம்.

காட்டில் விடும் யோசனையை நியூசிலாந்து 1880-களில் செய்து பார்த்தது, முயலை ஒழிக்க. முயல் ஒழியவில்லை. கிவி போன்ற பறவைகள் இன்றுவரை அதற்குப் பலி. 2002-லிருந்து அங்கே ஃபெரட்டை விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் தடை. இங்கிலாந்தில் விட்டால் பெரும்பாலும் ஃபெரட்தான் பட்டினியில் சாகும்.

சேலைகளைத் தாராளமாக அனுப்புங்கள். நாளில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கும் பிராணி அது, கூண்டுக்குள் தூளி கட்டித்தான் தூங்கவைப்பார்கள். ஜரிகை, குஞ்சம், ஃபால்ஸ் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். நூலை விழுங்கினால் குடல் அடைத்து அறுவை சிகிச்சை வரை போகும். நகம் மாட்டும் சல்லாத் துணியும் வேண்டாம்.

மதுரைக்குக் கொண்டுவர மாட்டாள். வெயில் முப்பது டிகிரியைத் தொட்டாலே அதற்கு உயிர் போகும் ஆபத்து, வியர்வை சிந்தி உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளத் தெரியாது. இதை அவளே உங்களுக்குச் சொல்வாள். தப்பித்தவறி அவள் கேட்டாலும், அந்தக் காப்பகத்துக்காரர்கள் மதுரையின் மே மாத வெப்பநிலையைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.