நோட்டில் தீராத வேலைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கணவரும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கேரவனில் குடியேறி ஐந்து வாரம் ஆகிறது. பல வருடத்துக் கனவு. ஆனால் இந்த ஐந்து வாரத்தில் நாங்கள் அதிகம் பார்த்தது மருந்துக்கடையும் வங்கியும் டயர் கடையும்தான். வேலைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கிளம்பும்போது 26 இருந்தன. தினமும் நாலைந்தை அடித்துவிடுகிறேன். இன்று எண்ணிப் பார்த்தால் 31. அவர் இன்சுலின் போடுகிறவர், அந்தக் கவலை தனி. அடுத்த மாதம் எனக்குப் பல் மருத்துவரிடம் நாள் குறித்திருக்கிறது. நேற்று இரவு அவர், "வீட்டிலேயே இருந்திருக்கலாமோ?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்க வேண்டுமா? சில வருடம் இப்படி வாழ்ந்தவர் நீங்கள், சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வேண்டியதில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்திருந்தால் இன்னும் அந்த வீட்டில்தான் இருந்திருப்பீர்கள்.

அந்த நோட்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். விலாசம் மாற்றுவது, பழைய இணைப்புகளை ரத்து செய்வது, முன்பணம் திரும்ப வாங்குவது எல்லாம் வீட்டின் மிச்சம். ஒருமுறை முடித்தால் முடிந்தது. தண்ணீர் நிரப்புவது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, கேஸ் பார்ப்பது, துணி துவைப்பது இவையெல்லாம் அடிக்க அடிக்க முளைக்கும். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் எண்ணிக்கை எப்படிக் குறையும்? இரண்டாவது வகையை இன்றே நோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் இருந்தபோது "இன்று குழாயைத் திறக்க வேண்டும்" என்று யாராவது எழுதி வைத்தோமா? குழாய், சாக்கடை, கரண்ட், தபால்பெட்டி என்று அந்த வீடு சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலை இப்போது உங்கள் இரண்டு பேர் கைக்கு வந்திருக்கிறது. ஐந்து வாரத்தில் மூச்சு முட்டுவது இயல்புதான். எனக்கு அது பழக நாலு மாதம் ஆனது.

நான் கண்ட வழி, ஓட்டும் நாளையும் வேலை நாளையும் கலக்காமல் வைப்பது. ஆரம்பத்தில் போகிற வழியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவோம். ஒருநாள் அப்படித்தான் மருந்து, மளிகை, வங்கி என்று மூன்று இடத்தில் நிறுத்தினோம். பெரிய வண்டி என்பதால் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்த இடம் தேடியதிலேயே பாதிப் பொழுது போனது. அவசரத்தில் மேல் அலமாரியின் தாழ்ப்பாளைப் போடாமல் கிளம்பிவிட்டேன். முதல் வளைவில் கண்ணாடி ஜாடி ஒன்று தரையில் விழுந்து நொறுங்கியது. இடத்தைச் சேரும்போது இருட்டிவிட்டது, மழை வேறு. கைவிளக்கை வாயில் கடித்துக்கொண்டு, பாய் இடுக்கிலிருந்து சில்லுகளைப் பொறுக்கினேன். அன்றைக்கு என் கணவரும் உங்கள் வீட்டுக்காரர் கேட்டதையேதான் கேட்டார்.

அதற்கப்புறம் வாரத்தில் ஒருநாளை வேலைக்கென்றே ஒதுக்கினோம். அன்று வண்டி நகராது. கடை கண்ணியெல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கும்படி முந்தின நாளே ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்வோம். துணி சுழல்கிற நேரத்தில் ஒருவர் வங்கிக்கு, இன்னொருவர் மளிகைக்கு. மற்ற ஆறு நாளும் யாரும் வேலைப் பேச்சை எடுப்பதில்லை. அதோடு ஓட்டத்தையும் குறைத்தோம். ஒரு ஊரில் இரண்டு நாள் தங்கினால் நாள் முழுக்கக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகப் போகிறது. பத்து நாள் தங்கினால் மருந்துக்கடைக்காரருக்கு முகம் தெரிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், புதிதாகக் கிளம்புகிறவர்கள் பழைய ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு மாதம் சுற்றுவது நல்லது. உங்களுக்கு அது தாண்டிப் போய்விட்டது. பரவாயில்லை, இருக்கிற இடத்திலேயே இரண்டு வாரம் நில்லுங்கள்.

இன்சுலின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கேரவன்களில் பல ஃபிரிட்ஜ்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரசரில் ஓடுபவை அல்ல. கேஸிலோ கரண்டிலோ வரும் சூட்டை வைத்து அம்மோனியாவைச் சுற்ற விட்டுக் குளிர்விப்பவை. அந்தச் சுற்று புவியீர்ப்பில்தான் நடக்கிறது. வண்டி சாய்ந்து நின்றால் சுற்று தடைப்படும், குளிர் போய்விடும். உங்களுடையது அந்த வகையா என்று முதலில் பாருங்கள். ஆமென்றால், ரசமட்டம் ஒன்றை வாங்கி ஃபிரிட்ஜ் பக்கத்துத் தரையில் வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும்வரை சக்கரத்துக்குக் கீழே மரக்கட்டை கொடுங்கள். ஃபிரிட்ஜுக்குள் ஒரு சிறு தெர்மாமீட்டர் இருக்கட்டும். பின்சுவரை ஒட்டி மருந்தை வைக்காதீர்கள், அங்கே உறைந்துவிடலாம். உறைந்த இன்சுலின் மறுபடி இளகினாலும் ஆகாது, தூக்கிப் போட வேண்டியதுதான். மருந்துச்சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கையிருப்பு மூன்று வாரத்துக்குக் கீழே போகும்போதே அடுத்ததை வாங்க ஆரம்பியுங்கள்.

கழிவுத் தொட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சாக்கடை இணைப்பு இருக்கிற இடத்தில் நின்றாலும் கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் ஓடிவிடும், மற்றது தங்கி இறுகிவிடும். முக்கால்வாசி நிரம்பிய பிறகு திறந்துவிட்டு, அது காலியானதும் குளித்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவப்பட்டுவிடும். பத்து நிமிட வேலை. நல்ல தண்ணீர்த் தொட்டியையும் எப்போதும் தளும்பத் தளும்ப நிரப்ப வேண்டாம். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. வழியெல்லாம் அதைச் சுமந்து ஓட்ட வேண்டும்.

டயர் கடை என்று எழுதியிருந்தீர்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் நட்டுகளை இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்கள். கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். பழைய டயர் என்றால் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருடத்து 23ஆவது வாரம் செய்தது. இந்த மாதிரி வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்னாலேயே வயதாகிவிடும்.

தபாலுக்கு, நம்பிக்கையான உறவினர் ஒருவரின் விலாசம் கிடைத்தால் அதுவே போதும். வந்ததைப் படம் பிடித்து அனுப்பினால் பெரும்பாலானவற்றுக்கு அங்கிருந்தே பதில் போட்டுவிடலாம். ஆனால் காப்பீட்டுக் கம்பெனிக்கு மட்டும் வண்டியிலேயே குடியிருக்கிறோம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். விடுமுறைக்கு ஓட்டுவதற்கென்று போட்ட பாலிசி முழுநேரக் குடித்தனத்துக்குச் செல்லாமல் போகலாம். உங்கள் நோட்டில் முதல் வரியாக இது இருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் இப்போதைக்கு நீங்கள் பதில் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். ஐந்து வாரமாக அவர் ஓட்டியிருக்கிறார், நிறுத்தியிருக்கிறார், குழாய் மாட்டியிருக்கிறார். இனிமேல்தானே வெளியே நாற்காலி போட்டு உட்காரப் போகிறார். இரண்டு வாரம் நகராமல் இருந்துவிட்டு அவரையே கேளுங்கள். அப்போதும் வீடுதான் வேண்டும் என்றால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

பல் மருத்துவரிடம் குறித்த நாளை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். மூன்று நாள் முன்பே அந்த ஊருக்குப் போய் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா